உறுமிக்கொண்டே ஜெபிக்க முடியுமா?

ஜூன் 2, காலை 9.10 (வாசகர் கேள்வி)

பிளாக் மெட்டல் கிறிஸ்தவத்துக்கு எதிராகக் கிளம்பிய கனத்த ராக் இசை. நோர்வேயில் தேவாலயங்களைக் கொளுத்தியவர்கள் வாசித்தது. அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), அதே உறுமல், அதே வேகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடுவில் இயேசுவின் பெயரைச் சொருகிவிட்டால் அது கிறிஸ்தவ இசையாகிவிடுமா? என்னைக் கேட்டால் இது இரண்டு பக்கமும் பொய். மெட்டல் ரசிகனிடமும் பொய், சபையிடமும் பொய். இதை உள்ளிருந்து அறிந்தவர் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.45

நான் சொல்கிறேன். பதினாறு வருஷமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன். அதில் ஒன்பது வருஷம் ஒரு டெத் மெட்டல் குழுவில். நான்கு பேர், நான்கு பேருமே சபைக்குப் போகிறவர்கள். "பொய்" என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காலவரிசை. பேர்கன் நகரத்துப் பக்கம் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது 1992 ஜூன் 6ஆம் தேதி. அதற்கு முன்பே கிறிஸ்தவர்கள் இந்த இசைக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத் 1971இலேயே 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்று ஒரு பாட்டைப் போட்டது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த, அதன் பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர் எழுதிய வரிகள். கடவுளை நம்புவதைச் சொன்னால் கூட்டாளிகள் என்ன நினைப்பார்களோ என்று பயமா என்று கேட்பவனை நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. சிகாகோவின் ட்ரபிள் குழு 1984இல் முதல் ஆல்பம் போட்டபோது அதன் நிறுவனமான மெட்டல் பிளேட், பிளாக் மெட்டலுக்கு எதிர்ப்பதமாக 'ஒயிட் மெட்டல்' என்று விளம்பரம் செய்தது. 1988இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வெஞ்சன்ஸ் ரைசிங்கின் 'ஹ்யூமன் சாக்ரிஃபைஸ்', அசல் த்ராஷ், அதாவது வேகமான மெட்டல். 1990இல் மெல்போர்னில் ஸ்டீவ் ரோ மோர்ட்டிஃபிகேஷன் குழுவைத் தொடங்கிவிட்டார். நோர்வேயிலேயே ஆன்டெஸ்டர் குழு 1989இல் 'க்ரஷ் ஈவில்' என்ற பெயரில் கூடிவிட்டது. கொளுத்தியவர்களின் வீட்டுக்குள் புகுந்து திருடினோம் என்றால் கணக்கு உதைக்கிறது.

இரண்டாவது: இசை ஒரு பாத்திரம். எதை ஊற்றுகிறோமோ அதுதான் அதில் இருக்கும். டபுள் பேஸ் ட்ரம்ஸுக்கு மதம் கிடையாது.

மூன்றாவது: இடைக்காலத் திருச்சபை 'இசையிலுள்ள பிசாசு' என்று பெயர் வைத்துத் தடை செய்த சுர இடைவெளிதான் ட்ரைடோன். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம், 1970, முதல் பாட்டின் ரிஃப்பே அதுதான். சபை துரத்தியதை மெட்டல் எடுத்து வளர்த்தது. அதைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வருவதில் என்ன தப்பு?

ஜூன் 3, காலை 6.20

மூன்றாவதாகச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி தூக்கம் வராமல் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். ட்ரைடோனைத் திருச்சபை தடை செய்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பாடுவதற்குக் கடினம், ஒலி கரடுமுரடு என்று தவிர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். 'பிசாசு' என்ற பெயரே எழுத்தில் தெரியவருவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மெட்டல் மேடைகளில் ஆளுக்கு ஆள் சொல்லி வளர்த்த கதையை நானும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. ட்ரைடோன் என்பது நம் கணக்கில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்யம ராகங்கள். கல்யாணியைக் கேட்டு யாருக்காவது பிசாசு ஞாபகம் வந்திருக்கிறதா? தம்புரா மேல் அந்த ம வந்து நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். சப்பாத்தின் அந்த ரிஃப்பிலும் அதே சிலிர்ப்புதான், ஆனால் அங்கே பயம். ஒரே தூரம். மணியோசை, மழைச் சத்தம், மெதுவான நடை எல்லாம் சேர்ந்துதான் அதைப் பயமாக்குகின்றன.

ஜூன் 3, இரவு 11.30

"சுரத்தை விடுங்கள், அந்தக் குரல் மனுஷக் குரலா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மனுஷக் குரல்தான். தொண்டையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல்நாண் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அது சும்மா இருக்கும். க்ரோல், அதாவது உறுமல், செய்யும்போது அதையும் அதிர வைக்கிறார்கள். சரியாகச் செய்தால் கத்துவதே இல்லை. சத்தம் கம்மி, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தால்தான் அந்தப் பிரமாண்டம் வரும். எங்கள் பாடகன் என்னைவிட எட்டு வயது சின்னவன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தம்பி பழகிய முதல் ஆறு மாதம் நெஞ்சில் கையை வைத்து, அதிர்வு தொண்டையிலா நெஞ்சிலா என்று பார்த்துக்கொண்டே பயிற்சி செய்வான். தொண்டை அரித்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவான். அரிப்பு வந்தால் தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம்.

இதே மடிப்பை அதிர வைத்துத்தான் திபெத்தியத் துறவிகள் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல மந்திரம் ஓதுகிறார்கள். ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாடலின் கீழ்க்குரலும் இதே சங்கதிதான். உலகத்தின் ஒரு மூலையில் காலங்காலமாக அதுதான் ஜெபக் குரல்.

தமிழில் உறுமுவது தனிக் கலை. முதலில் நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதினோம், மூன்றாவது வருஷம் மாறினோம். மாறிய பிறகுதான் தெரிந்தது, க்ரோலில் மெல்லினம் காணாமல் போகும். ங, ஞ, ந எல்லாம் உறுமலுக்குள் கரைந்துவிடும். வல்லினம் இரட்டித்து வந்தால் சவுக்கடி மாதிரி விழும். 'இருள்' என்று பாடினால் ள் காற்றில் போய்விடுகிறது. 'இருட்டு' என்று பாடினால் அந்த ட்டு என் ஸ்னேர் ட்ரம் மேல் வந்து இறங்கும். இதற்காகவே பாதி வரிகளைத் திருத்தி எழுதினோம்.

ஜூன் 4, இரவு 9.50

குரல் பற்றி எழுதியதும் ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது.

சபைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கிற அறையில் பயிற்சி. ஜமுக்காளத்தை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நடுப் பாட்டில் கதவு தடாலென்று திறந்தது. போதகர். மூச்சு வாங்க நிற்கிறார். "யாருக்கு என்னப்பா ஆச்சு?" அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்.

பாட்டு என்று சொன்னோம். நம்பவில்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, "மறுபடி பண்ணுங்க" என்றார். பாடினோம். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கையை நீட்டினார், தம்பி வரிகள் எழுதிய தாளைக் கொடுத்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"இது சங்கீதம்ல?"

"ஆமா ஐயா. எண்பத்தெட்டு."

"முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் இதைப் பிரசங்கத்துக்கு எடுத்ததில்ல தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போனார். அந்த மௌனத்தில் என்னென்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். இரண்டு மாதம் கழித்துச் சபைக் கமிட்டி அறையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர் எங்களுக்காகப் பேசினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம்.

இதனால்தான் 1980களில் கலிஃபோர்னியாவில் பாப் பீமன் என்ற போதகர் தொடங்கிய 'சாங்க்சுவரி' சபையைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையே வந்தது. நீள முடியும் தோல் ஜாக்கெட்டுமாக வருகிறவர்களுக்கென்றே ஒரு சபை. வெஞ்சன்ஸ் ரைசிங், டூர்னிகெட் மாதிரி குழுக்கள் அந்தச் சூழலில் வளர்ந்தவை. வெளியே தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட், மேடையிலிருந்து வேதாகமத்தை எறிகிற ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ மெட்டல் குழுவைக் கண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ட்ரைப்பரின் இசை எவ்வளவு இனிப்பு! அதற்கே அந்தப் பாடு.

ஜூன் 5, இரவு 8.15

கேட்டவர் பிளாக் மெட்டலைத்தான் குறிப்பாகக் கேட்டார், நான் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். நேரே ஹோர்ட் என்ற பெயரில் வந்த ஆல்பத்துக்கு வருகிறேன்.

1994. ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் 'ஹெல்லிக் உஸ்வார்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. நோர்வே மொழியில் 'பரிசுத்தமான கறுப்பின்மை' என்பது போன்ற ஒரு புதுச் சேர்க்கை. கிறிஸ்தவ பிளாக் மெட்டலுக்கு 'அன்பிளாக் மெட்டல்' என்ற பெயர் பரவியதே இதிலிருந்துதான். வாசித்தவர் பெயர் 'அனானிமஸ்'. முந்தைய வருஷம் ஆகஸ்டில் கொலையான, நோர்வே பிளாக் மெட்டல் குழு மேஹெமின் கிட்டார்காரர் யூரோனிமஸின் பெயரோடு ஒலிக்கிற மாதிரி வைத்த பெயர். நிறுவனத்துக்குக் கொலை மிரட்டல் வந்தது, ஆள் யார் என்று சொல் என்று. பிறகுதான் வெளியே தெரிந்தது: மோர்ட்டிஃபிகேஷனில் ட்ரம்ஸ் வாசித்த ஜேசன் ஷெர்லாக் தனி ஆளாகச் செய்தது.

பதினெட்டு வயதில் அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டுத் தலைப்புகளைத் தமிழில் சொல்கிறேன்: 'தலைகீழ்ச் சிலுவையைத் தலைகீழாக்கு', 'தூஷணப் பாராயணத்தை அடக்கு', 'பலிக்கு வைத்த கன்னியை விடுவித்து உடுத்து'. ஒவ்வொன்றும் எதிராளியின் வாக்கியத்தைப் பிடித்துத் திருகியது. அந்த வயதுக்கு அது வெற்றி முழக்கமாக இருந்தது.

இப்போது கேட்டால் ட்ரம்ஸ் அதே மாதிரி அசத்துகிறது. ப்ளாஸ்ட் பீட், அதாவது இடைவிடாத அதிவேக அடி, நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வரிகள் அடுத்தவன் வீட்டு வாசலிலேயே நின்று பேசுகின்றன. எதிராளியை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டுக்குப் பேச்சு இல்லை. வாசகர் 'பொய்' என்று சொன்னதில் ஒரு துளி நியாயம் இங்கே இருக்கிறது. பொய் என்று நான் சொல்லமாட்டேன், கடன் வாங்கிய கோபம் என்பேன்.

தலைகீழ்ச் சிலுவை பற்றி ஒரு வார்த்தை. அது பேதுருவின் சிலுவை. ஆண்டவர் மரித்த மாதிரியே மரிக்க எனக்குத் தகுதியில்லை என்று சொல்லித் தலைகீழாக அறையப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு. அதைத் திரும்பப் புரட்டச் சொல்வதற்கு முன் அது யாருடையது என்று ஷெர்லாக் யோசித்தாரா தெரியாது. நான் யோசிக்கவில்லை. அந்தத் தலைப்பு போட்ட சட்டையை நாலு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 6, அதிகாலை 1.40

'இசை ஒரு பாத்திரம்' என்று முதல் நாள் எழுதியதையும் வாபஸ் வாங்குகிறேன். ட்ரம்ஸ் வாசிக்கிற எவனும் அப்படிச் சொல்லக்கூடாது. நிமிஷத்துக்கு 220 தாள வேகத்தில் ப்ளாஸ்ட் பீட் அடிக்கும்போது உடம்பு சும்மா இருக்காது. தோள் இறுகும், பல் கடிக்கும், கேட்கிறவனுக்கும் அது தொற்றும். அந்த வேகத்தில் 'சமாதானம்' என்று பாடினால் எடுபடாது. வடிவத்துக்கென்று ஒரு குணம் இருக்கிறது. எந்த வார்த்தை தன் மேல் உட்காரலாம் என்று அதுவே சொல்லும்.

அப்படியானால் வேதாகமத்திலும் சபையின் பழைய பாட்டுகளிலும் எந்த வார்த்தை இதன் மேல் உட்காரும்? புலம்பல். யோபு. கைவிட்டீரே என்று தொடங்குகிற 22ஆம் சங்கீதம். 'கோபத்தின் நாள்' என்ற பழைய லத்தீன் இரங்கற்பாட்டு. பென்சில்வேனியாவின் பிலீவர் குழு 1990இல் ஒரு ஓபெரா பாடகியை வரவழைத்து த்ராஷுக்கு நடுவே இந்தக் கடைசிச் சங்கதியைத்தான் செய்தது. இரண்டு வருஷம் கழித்து மோர்ட்டிஃபிகேஷன் போட்ட ஆல்பத்தின் தலைப்பில் 'மெகில்லோத்' என்று வரும். எபிரேயத்தில் சுருள்கள். ஐந்து சுருள்களில் ஒன்று புலம்பல். உட்காரத் தகுந்த வார்த்தைகள் சபையின் பரணிலேயே கிடக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் இறக்குவதில்லை.

ஜூன் 8, இரவு 10.05

இதே வழியில் போனால் ஆன்டெஸ்டர்.

அவர்கள் தங்கள் இசைக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'சாரோ மெட்டல்', துக்க மெட்டல். தேவாலயங்கள் எரிந்துகொண்டிருந்த அதே நாட்டில், அதே வருஷங்களில். 'மார்ட்டிரியம்' 1994இல் பதிவானது, முறையாக வெளிவந்தது 2000இல். நடுவில் 1998இல் 'த ரிட்டர்ன் ஆஃப் த பிளாக் டெத்', இங்கிலாந்தின் ககாஃபனஸ் வெளியீடு, கிறிஸ்தவக் கடைகளோடு சம்பந்தமே இல்லாத நிறுவனம். இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது, யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. கீபோர்ட் பின்னால் மெல்ல ஊறிக்கொண்டே இருக்கும், கிட்டார் அதன் மேல் குளிர்காற்று மாதிரி அடிக்கும், பாடுகிறவன் தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருப்பான். நோர்வே மொழி எனக்கு ஒரு அட்சரம் தெரியாது. என் அப்பா இறந்த வருஷம் அதைத்தான் கேட்டேன். ஆறுதல் சொல்ல வந்த எல்லாரும் "அவர் நல்ல இடத்துக்குப் போயிட்டார்" என்றார்கள். அந்த ஆல்பம் ஒன்றும் சொல்லவில்லை, கூட உட்கார்ந்திருந்தது.

2005இல் 'த ஃபர்சேக்கன்'. கைவிடப்பட்டோர். அதில் ட்ரம்ஸ் வாசித்தது ஹெல்ஹாமர். ஆமாம், மேஹெம் குழுவின் அதே ஹெல்ஹாமர். கிறிஸ்தவக் குழுவின் ஆல்பத்துக்கு அவர் வந்து உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். அந்த வாசிப்பை மெதுவாக்கி மெதுவாக்கிக் கேட்டுப் படித்திருக்கிறேன். ஒரு அடியில்கூட அரைமனசு தெரியாது.

அடுத்த வருஷம் ஹோர்ட் ஆஸ்லோவில் நோர்டிக் ஃபெஸ்ட் மேடை ஏறியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஆள் யார் என்று மிரட்டிக் கேட்ட ஆல்பம், நோர்வே தலைநகரிலேயே, நோர்வேயின் ட்ராட்நார் குழு ஆட்கள் துணை வாசிக்க.

ஜூன் 9, காலை 7.30

"அப்படியானால் நம்பிக்கை இல்லாதவர் வாசித்த ட்ரம்ஸ் கிறிஸ்தவ ட்ரம்ஸா?" சரியான கேள்வி. ட்ரம்ஸைப் பொறுத்தவரை எனக்குச் சங்கடமில்லை. தேவாலயம் கட்டிய கொத்தனார்கள் எல்லாரும் விசுவாசிகளா? ஆனால் பாடகன் விஷயம் வேறு. அதைப் பற்றி எழுதத் தயங்கித்தான் இத்தனை நாள் சுரம், தொண்டை, வரலாறு என்று சுற்றினேன். ஒன்றிரண்டு நாள் கொடுங்கள்.

ஜூன் 11, இரவு 11.55

வெஞ்சன்ஸ் ரைசிங். 'ஹ்யூமன் சாக்ரிஃபைஸ்' அட்டையில் ஆணி அறைந்த ஒரு கை. அதில் பாடியவர் ராஜர் மார்ட்டினெஸ். தொண்டையைக் கிழித்துக்கொண்டு நற்செய்தி சொன்ன மனிதர். 1990இல் மற்ற நான்கு பேரும் பிரிந்து போனார்கள். குழுவின் பெயரை அவர் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு ஆல்பம் போட்டார். பிறகு விசுவாசத்தையே விட்டார், விட்டதோடு நிற்காமல் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசவும் தொடங்கினார்.

அந்த ஆல்பத்தை இப்போது என்ன செய்வது? நான் ரொம்ப நாள் வைத்திருந்த பதில் சுலபமானது: பாடியபோது நம்பினார், அது போதும். பழைய உறுப்பினர்கள் பின்னாளில் 'ஒன்ஸ் டெட்' என்ற பெயரில் கூடி, வேறு பாடகரை வைத்து அதே பாட்டுகளை மேடையில் வாசித்தார்கள். அது எனக்கு நியாயமாகப் பட்டது. பாட்டு பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

எங்கள் குழுவிலேயே அது நடந்தபோது என் பதில் எதுவும் கைகொடுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் தம்பி கூப்பிட்டான். ராத்திரி பத்தரை இருக்கும். "அண்ணா, நான் இனிமே நம்பல. ரொம்ப நாளாவே நம்பல. என் சாட்சி வர்ற அந்த ரெண்டு பாட்டையும் எடுத்துடுங்க." காரணத்தை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. நான் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அத்தனை வருஷமும் பொய்யா?"

அவன் பதில் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான். அதோடு குழுவும் முடிந்தது.

முதல் நாள் அந்த வாசகர் 'பொய்' என்று எழுதியதும் எனக்குச் சுருக்கென்றது என்று சொன்னேனே. அது அவருடைய சொல் இல்லை. என்னுடையது.

ஜூன் 12, காலை 6.05

பாட்டை எடுத்தேனா என்று கேட்கிறார்கள். எடுத்தேன், அடுத்த நாளே. ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு இடத்தில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மைக்கில் விழுந்திருக்கும். அந்த மூச்சில் பொய் இல்லை என்று எனக்கு நிச்சயம். அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 15, மாலை 6.40

எங்கே தொடங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கனத்திலிருந்து மனம் மாறட்டும் என்று இதையும் எழுதுகிறேன்.

மெதுவாகப் போக விரும்பினால் மெல்போர்னின் பேராமீசியம் குழுவின் 1993 ஆல்பம், டூம், அதாவது மெதுவான மெட்டல். அதிலும் ட்ரம்ஸ் ஜேசன் ஷெர்லாக்தான், ஹோர்டில் அந்த வேகம் அடித்த கை இதில் எவ்வளவு நிதானம் என்று கேட்டுப் பாருங்கள். சிக்கலான தாளம் வேண்டும் என்றால் நோர்வேயின் எக்ஸ்டால், 1998 'பரியல்' அல்லது 2000 'அண்டிசீவ்ட்'. டூர்னிகெட்டை எல்லாரும் மருத்துவச் சொற்களுக்காகச் சொல்வார்கள், எனக்கு அவர்கள் மிருகவதையை எதிர்த்துப் பாடியதுதான் முக்கியம். அதன் ட்ரம்மர் டெட் கர்க்பேட்ரிக் 2022இல் போய்விட்டார். நான் கற்றுக்கொண்ட கைகளில் ஒன்று அது. லிவிங் சாக்ரிஃபைஸின் 1997 'ரீபார்ன்' கேட்காமல் இன்றைய மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்தது) எங்கிருந்து வந்தது என்று பேச முடியாது.

மோர்ட்டிஃபிகேஷனின் 1998 ஆல்பத்தைத் தனியாகச் சொல்கிறேன். ஸ்டீவ் ரோவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, பிழைப்பது கஷ்டம் என்ற நிலைக்குப் போய் மீண்டு வந்து போட்டது. பழைய ஆல்பங்கள் அளவுக்கு மூர்க்கம் இல்லை என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும். சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தவர் பேசுகிறார்.

ஃபின்லாந்தில் 2006 முதல் 'மெட்டல்லிமெஸ்சு' என்று ஒன்று நடக்கிறது. லூத்தரன் திருச்சபையின் ஆராதனை முறை, அவர்களுடைய பழைய ஞானப்பாட்டுகள், வாசிப்பது மெட்டல் குழு. முதலில் நடந்தது ஹெல்சின்கியில் பாறையைக் குடைந்து கட்டிய டெம்பெலியாவுகியோ தேவாலயத்தில். சபை தன் கதவைத் தானே திறந்துவிட்ட இடம். எங்களுக்குக் கிடைத்த நாற்காலி அறையை நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, இரவு 10.20

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஜூன் 11, 12 இரண்டு நாள் எழுதியதையும் அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று கூப்பிட்டான்.

நாலு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிறோம், முதல் பத்து நிமிஷம் வேலை, உடம்பு, முட்டிவலி என்றே போனது. பிறகு அவனே கேட்டான், "அந்த எண்பத்தெட்டு இன்னும் வச்சிருக்கீங்களா?" வைத்திருக்கிறேன் என்றேன். "அதை மட்டும் மறுபடி பாடலாம்ணா. அதுல நான் நம்பாத வரி ஒண்ணே ஒண்ணுதான்."

எனக்கு உடனே புரிந்தது. முதல் வரி. இரட்சிப்பின் தேவனே என்று கூப்பிடுகிற வரி. அந்தச் சங்கீதத்தில் வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் அதுதான், அதற்குப் பிறகு குழி, ஆழம், அலை, கைவிடல். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை முடிவில் திரும்பி நின்று துதிக்கும். இது திரும்பாது.

"முதல் வரியை நீங்க சொல்லுங்க, மத்தது நான்" என்றான்.

ஜூன் 22, காலை 8.00

"நம்பாதவன் பாடினால் அது ஜெபமா?" என்று கேட்டவருக்கு: முதல் வரி ஜெபம், நான் சொல்கிறேன். மற்றது அவன் சொல்கிறான், எனக்குத் தெரிந்த விசுவாசிகள் பலர் சொல்லத் துணியாததை. அது எந்தப் பெயருக்குள் அடங்கும் என்று நான் இப்போது தேடவில்லை.

ஜூன் 30, இரவு 11.10

சனிக்கிழமை பதிவு செய்தோம். இரண்டு பேர் மட்டும், கிட்டார் பிறகு சேரும்.

கடைசி வரியில்தான் தகராறு. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சங்கீதம் 'மறைந்துபோனார்கள்' என்று முடிகிறது. ஐந்து முறை பாடிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் 'கள்' தொண்டைக்குள்ளேயே மடங்கிப் போனது, நான் அடிக்க இடமே கிடைக்கவில்லை. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல் இருள் என்று சொன்னேன். வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" எனக்கே போன மாசம்தான் தெரியும் என்றேன்.

முதல் வரியை நான் ட்ரம்ஸ் பின்னால் உட்கார்ந்தபடியே சாதாரணக் குரலில் சொன்னேன், மைக் என் பக்கம் இல்லை, அறையில் இருந்த இன்னொரு மைக் தூரத்திலிருந்து பிடித்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டோம். ஏழு நிமிஷம் நாற்பது விநாடி. முடிவில் 'இருட்டு', ட்டுவில் ஸ்னேர், அதற்கு மேல் எதுவும் இல்லை. சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

வெளியிடும்போது தன் பெயரைப் போடச் சொன்னான். கிறிஸ்தவக் குழு என்று போட வேண்டாம் என்றான், அப்படி இல்லை என்றும் போட வேண்டாம் என்றான். சரி என்றேன். அந்தப் பழைய போதகருக்கு ஒரு பிரதி அனுப்பப் போகிறேன், அவர் இப்போது ஓய்வில் இருக்கிறார்.